எட்டு நொடிப் படம்: 1970களின் ஸ்லோ ஸ்கேன் நிலையத்தை இன்று கட்டினால் எதற்குக் காசு கொடுக்கலாம்?

ரோபோ மாடல் 70 மானிட்டர், மாடல் 80 கேமரா, கென்வுட் டிஎஸ்-520 ரிக் (வானொலியில் அனுப்பவும் பெறவும் உதவும் கருவி), ஒரு கேசட் டெக். 1970களில் அமெரிக்க ஹாம் (அமெச்சூர் வானொலியாளர்) ஒருவர் வீட்டிலிருந்தே வானொலியில் படம் அனுப்ப மேசையில் வைத்திருந்த சாமான்கள் ஏறக்குறைய இவைதான். அதே வரிசையைப் பழைய சாமான் சந்தையில் தேடிச் சேர்த்தால் இன்றும் படம் வரும், போகும். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கில் காசு போடக்கூடாது. மானிட்டருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். கேமராவை அலமாரியில் அழகுக்கு வேண்டுமானால் வாங்கலாம், படம் அனுப்ப வேண்டாம். ரிக் நல்ல வேலைக்காரன், சூட்டுக்கு மட்டும் பயப்பட வேண்டும். பலரும் ஒதுக்கிவிடும் கேசட் டெக்தான் இந்தக் கூட்டத்தில் மிகவும் பயனுள்ளது.

படத்தை வரி வரியாக ஒலியாக்கி வானொலியில் மெதுவாக அனுப்பும் இந்த ஸ்லோ ஸ்கேன் முறையைக் கோப்தார்ன் மெக்டொனால்ட் 1958இல் வெளியிட்டார். அமெரிக்காவின் வானொலி ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.சி.சி. 1968இல் குறும்அலைப் பட்டைகளில் அதற்கு அனுமதி தந்தது. அதற்குப் பிறகு கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் இருந்த ரோபோ ரிசர்ச் நிறுவனம் 70, 80 ஜோடியைக் கடைப் பொருளாகவே விற்றது. அன்றைய தரம் எளிமையானது: சதுரப் படம், 120 வரிகள், நொடிக்கு 15 வரிகள், ஒரு படத்துக்கு 8 நொடி. கறுப்புக்கு 1500 ஹெர்ட்ஸ், வெள்ளைக்கு 2300, வரியும் ஃப்ரேமும் (முழுப் படம்) தொடங்கும் இடத்தைக் காட்டும் சிங்க் துடிப்புக்கு 1200. வரி சிங்க் 5 மில்லி நொடி, ஃப்ரேம் சிங்க் 30 மில்லி நொடி. எல்லாமே காதில் விழும் ஒலி. அதனால் குரல் போகும் எந்த ரிக்கிலும் படமும் போகும்.

இந்தத் தரத்தின் பெரிய பலம், ஒவ்வொரு வரியும் தன் சிங்க்கைத் தானே சுமந்து வருவது. இன்று 14.230 மெகாஹெர்ட்ஸில் அதிகம் கேட்கும் ஸ்காட்டி 1, மார்ட்டின் 1 முறைகள் அனுப்புபவர், பெறுபவர் இருவரின் கடிகாரமும் ஒன்றாக ஓடுவதை நம்பி இருக்கின்றன. ஸ்காட்டி 1 படம் ஏறக்குறைய 110 நொடி ஓடும். கடிகாரத்தில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு பிசகு இருந்தால் கடைசி வரி 11 மில்லி நொடி தள்ளிப்போகும். அது 25 பிக்சல், படம் கண்ணுக்குத் தெரியச் சாய்ந்துவிடும். எட்டு நொடி முறையில் அந்தச் சாய்வுக்கே இடமில்லை, ஏனென்றால் ஒவ்வொரு வரியும் புதிதாகத் தொடங்குகிறது. ஐம்பது வயதான அனலாக் பெட்டி இன்றும் ஒழுங்காக வேலை செய்வதற்குக் காரணம் இதுதான்.

இனி மானிட்டர். உள்ளே இருப்பது ரேடாரில் இருந்து வந்த பி7 பாஸ்பர் பூசிய படக்குழாய். மின்கற்றை படும்போது நீல வெள்ளையாக ஒரு மின்னல், அதன் பின்னால் மஞ்சள் பச்சையாகச் சில நொடிகள் நீடிக்கும் ஒளி. படத்தின் அடிப்பகுதி எழுதப்படும்போது மேற்பகுதி மங்கிக்கொண்டிருக்கும். அறையை இருட்டாக்கி, முகப்பைச் சுற்றிக் கறுப்பு அட்டையில் ஒரு கூண்டு செய்து மாட்டினால்தான் படம் முழுதாகத் தெரியும். முன்னால் ஒரு மஞ்சள் அல்லது ஆம்பர் ஃபில்டர் வைத்தால் ஓடும் நீலக் கோட்டின் கூச்சம் அடங்கும், மிச்சம் நிற்கும் படம் தெளியும். கணினித் திரையில் எந்த மென்பொருளும் இந்த அனுபவத்தைத் தராது. வரி வரியாக ஒரு முகம் இருட்டிலிருந்து எழுந்து, எழுந்தபடியே கரைவதைப் பார்க்கத்தான் இந்த நிலையத்தையே கட்டுகிறோம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது பெட்டியின் பளபளப்பை அல்ல, குழாயின் முகத்தை. மின்சாரம் இல்லாத நிலையில் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பழுப்பாக ஒரு புள்ளியோ கோடோ சதுரமோ தெரிந்தால் பாஸ்பர் எரிந்திருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது. மாற்றுக் குழாய் தேடுவது மானிட்டர் தேடுவதைவிடக் கடினம். விற்பவர் தூரத்தில் இருந்தால் அணைத்த நிலையில் முகப்பின் படமும், ஓடும் நிலையில் காலி ராஸ்டரின் (படமில்லாமல் திரையில் ஓடும் வரிகளின்) படமும் கேட்டு வாங்குங்கள். அனுப்பும்போது உடைவது பெரும்பாலும் குழாயின் கழுத்துதான். கழுத்தைச் சுற்றி நுரை வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

வந்த உடனே சுவரில் சொருகிவிடாதீர்கள். அமெரிக்கச் சாமான் 115 வோல்ட் கேட்கும், நம் ஊர் 230 தரும். ஆகவே ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்பார்மர் கட்டாயம். ஆண்டுக்கணக்கில் ஓடாத எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களுக்கு முழு வோல்ட்டையும் ஒரே அடியாகக் கொடுத்தால் வெடிக்கலாம். வேரியாக் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் ட்ரான்ஸ்பார்மர்) இருந்தால் மெல்ல ஏற்றுங்கள். இல்லாவிட்டால் ட்ரான்ஸ்பார்மரின் 230 வோல்ட் பக்கத்தில் 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடரில் போடுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது, பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். பவர் சப்ளையின் பெரிய கண்டென்சர்களைச் சோதித்து நேரம் போக்குவதைவிட மொத்தமாக மாற்றிவிடுவது மலிவு.

உள்ளே பல ஆயிரம் வோல்ட் இருக்கிறது. அணைத்த பிறகும் படக்குழாய் அந்தச் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். நல்ல இன்சுலேஷன் உள்ள கம்பியின் ஒரு முனையைச் சேஸியில் கட்டி, நடுவில் உயர் வோல்ட்டுக்கான ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, மறுமுனையால் ஆனோடைத் தொட்டு இறக்குங்கள். ஒரு கை பையில் இருக்கட்டும். சற்றுப் பொறுத்து மறுபடியும் ஒருமுறை இறக்குங்கள், மிச்சச் சார்ஜ் திரும்ப எழும்.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது செங்குத்து ஸ்வீப்பில், அதாவது மின்கற்றையை மேலிருந்து கீழே நகர்த்தும் சுற்றில். 8 நொடி நீளும் ராம்ப் (சீராக ஏறும் வோல்ட்) ஒரு கண்டென்சரை மிக மெதுவாக ஏற்றி உண்டாக்கப்படுகிறது. அந்தக் கண்டென்சர் வயதாகி ஒழுகினால் ராம்ப் முடிவில் வளைந்துவிடும். மேலே வரிகள் இடைவெளியோடும் அடியில் நெருக்கியடித்தும் நிற்கும். படத்தில் இருப்பவருக்கு நெற்றி நீண்டு தாடை நசுங்கியிருந்தால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். அந்த இடத்தில் அதே அளவுள்ள பாலியெஸ்டர் கண்டென்சர் போட்டால் நேராகிவிடும். இடம் போதாவிட்டால் இரண்டு மூன்றை இணையாகக் கட்டுங்கள்.

சிக்னல் நின்றபின் சிங்க் வராமல் ஸ்வீப்பும் நிற்கும் மானிட்டர்களில் மின்கற்றை ஒரே இடத்தில் நிலைகுத்தும். சில நிமிடங்களில் பாஸ்பர் வெந்துவிடும். பிரைட்னஸ் குமிழை முதலில் முழுக்க இறக்கி, பிறகு ஆடியோவைத் துண்டிக்கும் பழக்கம் கைக்கு வந்துவிட வேண்டும்.

சரிபார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கணினியில் ஒலி உண்டாக்கும் எந்த மென்பொருளும் போதும். முதலில் 1200 ஹெர்ட்ஸ் தனி ஒலி கொடுத்துச் சிங்க் ஃபில்டரின் வெளியீட்டை உச்சத்துக்குத் திருப்புங்கள். 1150, 1250 இரண்டிலும் சிங்க் பிடிக்க வேண்டும், 1500இல் அசையவே கூடாது. அடுத்து 1500, 1700, 1900, 2100, 2300 என்று ஐந்து படி உள்ள சாம்பல் பட்டை ஒன்றை அனுப்புங்கள். மேல் இரண்டு படிகள் ஒன்றாகிவிட்டால் கான்ட்ராஸ்ட் அதிகம். கீழ் இரண்டும் ஒன்றானால் ஹெர்ட்ஸை வெளிச்சமாக மாற்றும் டிஸ்கிரிமினேட்டர் நகர்ந்திருக்கிறது. கடைசியாக ஒலியின் அளவைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துப் பாருங்கள். படத்தின் வெளிச்சம் மாறினால் உள்ளீட்டில் உள்ள லிமிட்டர் (ஒலி அளவின் ஏற்ற இறக்கத்தைச் சமமாக்கும் பகுதி) வேலை செய்யவில்லை. லிமிட்டர் போன மானிட்டரில் குறும்அலையின் ஏற்ற இறக்கம் ஒவ்வொன்றும் படத்தில் பட்டையாக விழும்.

50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் இதைக் கட்டுபவருக்கு ஒரு சிக்கல் உண்டு. நொடிக்கு 15 வரி என்ற எண்ணே அமெரிக்க மின்சாரத்தின் 60ஐ 4ஆல் வகுத்து வந்தது. ஐரோப்பாவில் 50ஐ 3ஆல் வகுத்து 16⅔ வரி, 7.2 நொடி என்று ஓட்டினார்கள். மின்சாரத்தையே கடிகாரமாக எண்ணும் அமெரிக்கக் கேமராவை இங்கே சொருகினால் 50ஐ 4ஆல் வகுத்து 12.5 வரிதான் தரும். 120 வரிகளுக்கு 9.6 நொடி ஆகும், எந்த மானிட்டரிலும் சரியாக உட்காராது. ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மானிட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. சிங்க் வந்தால் ஓடும் ஸ்வீப் என்பதால் ஐரோப்பிய அளவில் வரும் படமும் தெரியும், அகலமும் உயரமும் பத்தில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான்.

ஹம் (மின்சாரத்திலிருந்து கலக்கும் இரைச்சல்) எங்கிருந்து வருகிறது என்பதையும் இதே கணக்கால் கண்டுபிடிக்கலாம். 15 வரிப் படத்தில் 50 ஹெர்ட்ஸ் ஹம் கலந்தால் வரிக்கு மூன்றே கால் சொச்சம் அலை விழுவதால் பட்டைகள் சாய்ந்து நிற்கும். 16⅔ வரிப் படத்தில் வரிக்குச் சரியாக மூன்று அலை, மூன்று நேர்ப் பட்டைகள் அசையாமல் நிற்கும். அமெரிக்காவிலிருந்து வரும் படத்தில் அசையாத நான்கு நேர்ப் பட்டைகள் இருந்தால் ஹம் அனுப்பியவர் வீட்டில். உங்கள் பவர் சப்ளையைக் கழற்றாதீர்கள்.

மாடல் 80 கேமராவை ஏன் வேண்டாம் என்கிறோம்? அதில் படம் பிடிக்கும் வீடிகான் குழாய்க்கு ஆயுள் உண்டு. பழையவற்றில் ஒரே காட்சியைப் பல மணி நேரம் பார்த்த தழும்பு இருக்கும். வெளிச்சம் ஏராளமாகக் கேட்கும். ஃபோகஸ் பார்க்க மானிட்டரில் எட்டு நொடிக்கு ஒருமுறைதான் பதில் கிடைக்கும். லென்ஸைத் திருப்பு, காத்திரு, மறுபடி திருப்பு. மின்சாரக் கணக்கு இதற்கு மேல். நல்ல வீடிகானோடு, வேலை செய்யும் நிலையில், பாதி விலைக்கு வந்தால் வாங்கிவையுங்கள். நிலையத்தை அதை நம்பிக் கட்டாதீர்கள்.

அதற்குப் பதில் ஜப்பானிய ஹாம் மகோடோ மோரி எழுதிய எம்.எம்.எஸ்.எஸ்.டி.வி. மென்பொருள் போதும். அதன் முறைப் பட்டியலில் பி/டபிள்யூ 8 இருக்கிறது. வரிக்குச் சுமார் 66.9 மில்லி நொடி, 120 வரி. பழைய 66.7க்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் பி7 மானிட்டர் அதைத் தன் படமாகவே எடுத்துக்கொள்ளும். தொடக்கத்தில் வரும், எந்த முறை என்று சொல்லும் விஐஎஸ் குறியீடு பழைய மானிட்டருக்குப் புரியாது. அதன் 1100, 1300 ஹெர்ட்ஸ் துண்டுகளைச் சிங்க் என்று நினைத்துச் சில கணம் தடுமாறும். குறியீட்டின் கடைசித் துண்டு 30 மில்லி நொடி நீளமுள்ள 1200 ஹெர்ட்ஸ், அதாவது பழைய ஃப்ரேம் சிங்க்கின் அதே நீளம். ஸ்வீப் மேலே ஏற அது உதவும். முதல் படத்தில் ஒரு வட்டம் வரைந்து அனுப்புங்கள். சதுரத் திரையில் அது முட்டையாகத் தெரிந்தால் மானிட்டரின் அகலத்தைத் தொடாமல், அனுப்பும் படத்தைப் பக்கவாட்டில் நீட்டிச் சரிசெய்யுங்கள். அகலத்தைத் தொட்டால் மற்றவர்கள் அனுப்பும் சதுரப் படம் கெடும்.

கணினிக்கும் ரிக்குக்கும் நடுவே 600க்கு 600 ஓம் ஆடியோ ட்ரான்ஸ்பார்மர் ஒன்று போகும் வழியிலும் ஒன்று வரும் வழியிலும் வேண்டும். நேரடியாக இணைத்தால் தரைச் சுற்று ஹம் வந்தே தீரும். கணினியின் வெளியீடு ஏறக்குறைய 1 வோல்ட், மைக் சாக்கெட் கேட்பதோ சில மில்லிவோல்ட். 100 கிலோ ஓம் தொடரிலும் 1 கிலோ ஓம் குறுக்கிலும் போட்டால் நூறில் ஒரு பங்காகும். பிடிடியை (ரிக்கை அனுப்பும் நிலைக்கு மாற்றும் சுவிட்சை) இயக்க ஒரு சின்ன ரிலே வையுங்கள், வால்வு ரிக்கின் உள்மின்சாரம் கணினிப் பக்கம் எட்டிப்பார்க்காது. விண்டோஸின் அறிவிப்பு ஒலிகளை முழுக்க நிறுத்துங்கள்.

இனி டிஎஸ்-520. டிரைவர் 12பிஒய்7ஏ வால்வு, ஃபைனலில் (கடைசிப் பவர் கட்டத்தில்) இரண்டு எஸ்2001ஏ வால்வு, மற்றதெல்லாம் ட்ரான்சிஸ்டர். கைக்குச் சுலபமான, திறந்து பழுது பார்க்கக்கூடிய ரிக். ஆனால் அதன் பவர் கணக்கு குரலுக்குப் போட்டது. குரலில் இடைவெளி உண்டு, படத்தில் கிடையாது. எட்டு நொடிப் படத்தை நான்கு முறை அனுப்பினால் 32 நொடி முழு நேர கேரியர் (இடைவிடாத அலை). ஃபைனலின் ஓய்வு மின்னோட்டம் 60 மில்லி ஆம்பியரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு 1900 ஹெர்ட்ஸ் ஒலி கொடுத்து, பிளேட் மின்னோட்டம் 100 முதல் 120 மில்லி ஆம்பியரைத் தாண்டாதபடி மைக் கெயினை வையுங்கள். பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள், வால்வு ஏன் சிவக்கிறது என்று கேட்கிறார்கள். முழு பவருக்குச் செய்த லோட் (ஆன்டெனாவோடு பொருத்தும் குமிழின் நிலை) குறைந்த டிரைவுக்குப் பொருந்தாது. உள்ளே போகும் பவரில் பெரும்பகுதி சூடாகவே பிளேட்டில் தங்கும். டிரைவைக் குறைத்த பின் பிளேட், லோட் இரண்டையும் மறுபடி வெளியீட்டின் உச்சத்துக்குத் திருப்ப வேண்டும். அப்போது 40 முதல் 50 வாட் வரை நிம்மதியாகக் கிடைக்கும். பின்பக்க விசிறி ஓடாவிட்டால் 12 வோல்ட் கணினி விசிறி ஒன்றைக் கூண்டின் மேல் வையுங்கள்.

ஆடியோவை ஓங்கிக் கொடுப்பது வீண். 1200 ஹெர்ட்ஸ் சிங்க் உடைந்தால் அதன் இரட்டையான 2400 ஃபில்டர் ஓரத்தில் நழுவி வெளியே போகும். அது வெள்ளைக்குப் பக்கத்தில் விழும் ஒலி. அடுத்தவர் மானிட்டரில் சிங்க் கலங்கி வரிகள் கிழியும். ஏஎல்சி (சிக்னல் மிகும்போது தானாகக் குறைக்கும் சுற்று) முள் அசையாமல் இருப்பதே சரியான அளவு.

விஎஃப்ஓ (ரிக்கின் அலைவரிசையைத் தீர்மானிக்கும் சுற்று) நகர்வதையும் மறக்கக்கூடாது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே இருப்பது வெறும் 800 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் நகர்ந்தால் சாம்பல் அளவு 6 சதவீதம் மாறும், சிங்க்கும் 1250க்குப் போய்விடும். ரிக்கை அரை மணி நேரமாவது சூடேற விட்டுத் தொடங்குங்கள். முதலில் அடுத்தவர் குரலை இயல்பாகக் கேட்கும்படி வைத்து, படம் வரும்போது ஆர்ஐடியால் (பெறும் அலைவரிசையை மட்டும் நகர்த்தும் குமிழால்) மட்டும் திருத்துங்கள்.

கேசட் டெக்கைத் தனியாகப் பாராட்ட வேண்டும். படம் என்பது ஒலிதானே, டேப்பில் பதியும். சி-60 கேசட்டின் ஒரு பக்கம் 225 படங்களைப் பிடிக்கும். வானொலியில் ஒருமுறை வந்து போன படத்தை மறுபடி மறுபடி பி7 திரையில் ஓட்டிப் பார்க்க இதுவே வழி, அன்றும் இன்றும். டால்பி (டேப் இரைச்சலைக் குறைக்கும் வசதி) அணைந்திருக்கட்டும். சி-90, சி-120 டேப் மெல்லியது, இழுபடும். வேகம் 1 சதவீதம் பிசகினால் 1900 ஹெர்ட்ஸ் 19 ஹெர்ட்ஸ் நகரும், சாம்பலில் 2.4 சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. மின்கலம் தீரும் கையடக்க ரெக்கார்டரில் 3 சதவீதம் வரை இழுக்கும், அப்போது படம் கறுக்கும். மின்சாரத்தில் ஓடும், பெல்ட் புதிதாக மாற்றிய டெக் வாங்குங்கள்.

1970களின் இறுதியில் வந்த ரோபோ 400 ஸ்கேன் கன்வர்டர் பி7 குழாய்க்கே விடை கொடுத்த பெட்டி. 128க்கு 128 புள்ளி, 16 சாம்பல் படி, நினைவகத்தில் நின்று சாதாரண டிவியில் அசையாமல் தெரியும். வசதிக்கு அதுதான் மேல். இருட்டறை வேண்டாதவர்கள் அதையே தேடலாம். வாங்கும் முன் உங்கள் டிவி அமெரிக்க 60 ஹெர்ட்ஸ் வீடியோவை ஏற்குமா என்று பாருங்கள்.

வானில் எட்டு நொடிப் படத்தைச் சும்மா அனுப்பினால் பெரும்பாலானோருக்குக் கிழிசலாகவே தெரியும். அவர்கள் மென்பொருள் வேறு முறையை எதிர்பார்க்கும். அதேபோல் அவர்களுடைய ஸ்காட்டி 1 உங்கள் பி7 திரையில் கந்தலாக விழும். ஆகவே நேரம் பேசி வைத்து, 14.230இல் இடம் கேட்டு, முதலில் குரலில் அழைப்புக் குறியீடும் "எட்டு நொடி, கறுப்பு வெள்ளை" என்ற அறிவிப்பும் சொல்லித் தொடங்குங்கள். அனுப்ப அமெச்சூர் உரிமம் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒரே படத்தை மூன்று நான்கு முறை அனுப்புவது பழைய வழக்கம், அதற்குக் காரணமும் உண்டு. ஒரு ஃப்ரேமில் குறுக்கே வந்த கேரியர் கெடுத்த வரிகளை அடுத்த ஃப்ரேம் நிரப்பும். கேரியர் 1200க்குப் பக்கத்தில் விழுந்தால் மட்டும் தப்பிக்க முடியாது. சிங்க் என்று ஏமாந்து ஸ்வீப் கண்ட இடத்தில் தொடங்கும். அரை கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போவதே வழி. நேர்க்கோடுகள் ஓரிரு புள்ளி ரம்பப் பல்லாகத் தெரிந்தால் அது மானிட்டர் கோளாறு அல்ல. சிக்னல் இரண்டு பாதைகளில் 1 மில்லி நொடி வித்தியாசத்தில் வருகிறது, இந்தத் தரத்தில் அது ஏறக்குறைய இரண்டு புள்ளி. அனுப்பும் அட்டையில் அழைப்புக் குறியீட்டைப் படத்தின் உயரத்தில் கால் பங்குக்குக் குறையாத தடித்த எழுத்தில், கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக எழுதுங்கள். 120 வரியில் அதைவிடச் சிறிய எழுத்து குறும்அலை இரைச்சலைத் தாண்டாது.